கெய்ரோவின் மம்லூக் மிம்பர்கள்: திருட்டும் ஆவணமும்

மிம்பர் என்பது வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவான குத்பாவுக்காக, அதை நிகழ்த்தும் கதீப் ஏறி நிற்கும் படிமேடை. 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களும் அவர்களின் தளபதிகளான அமீர்களும் கெய்ரோவில் கட்டிய பள்ளிவாசல்களில் இருக்கும் மர மிம்பர்களை இஸ்லாமிய மரவேலையின் உச்சம் என்று சொன்னால், துறைக்குள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த மிம்பர்களிலிருந்துதான் கடந்த சில பத்தாண்டுகளில் பலகைகள் துண்டு துண்டாகக் காணாமல் போயின. முழு மிம்பரைக் கடத்த லாரி வேண்டும், ஆள் பலம் வேண்டும். ஒரு நட்சத்திரத் துண்டைப் பெயர்க்கத் திருப்புளி ஒன்றும், தொழுகை முடிந்து நடமாட்டம் ஓய்ந்த சிறிது நேரமும் போதும். துண்டு கோட்டுப் பையில் அடங்கிவிடும்.

எகிப்தியக் கட்டிடக் கலைஞரும் மம்லூக் கால ஆய்வாளருமான ஒம்னியா அப்துல் பர் இந்த மிம்பர்களுக்காக 2018-ல் தொடங்கிய பணி, ஒரு கலை வரலாற்று ஆய்வாளரால் பண்பாட்டுச் சொத்தைக் காக்க உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல மாதிரி. காவல் போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. பூட்டும் சாவியும் வேறு ஆட்களிடம். அவர் கையில் இருப்பவை அளவுகள், படங்கள், பழைய ஆவணங்கள். இவை மட்டும் போதுமா என்றால் போதாது. ஆனால் இவை இல்லாவிட்டால் காவல்துறை, நீதிமன்றம், சுங்கம் எதுவும் ஓர் அடி நகர முடியாது. ஏன் என்பது மிம்பர் செய்யப்படும் விதத்திலேயே இருக்கிறது.

துண்டுகளால் ஆன மேடை

எகிப்தில் பெரிய மரம் கிடையாது. பேரீச்சையும் கருவேலமும் காட்டத்தியும் நுண்வேலைக்கு ஆகாதவை. பைன் மத்தியதரைக் கடல் தாண்டி வந்தது. கருங்காலியும் தந்தமும் தெற்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தன. ஆக, அகலமான பலகை என்பது ஆடம்பரச் சரக்கு. சின்னத் துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்துவது தச்சருக்குக் கட்டாயம்.

அதைவிடப் பெரிய காரணம் மரத்தின் அசைவு. நாரின் நீளத்தில் மரம் அநேகமாக அசையாது, குறுக்கே அசையும். பச்சை மரம் முழுதாகக் காயும்போது, வளையங்களை ஒட்டிய திசையில் சராசரியாக 8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதியும் சுருங்கும். நன்றாகக் காய்ந்த மரமும் வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் இடையே கொஞ்சம் சுருங்கி விரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மிம்பரின் பக்கவாட்டு முக்கோணம் பல மீட்டர் நீளம். அதைப் பலகைகளை ஒட்டி ஒரே பரப்பாகச் செய்தால் சில கோடைகளிலேயே பிளந்துவிடும்.

கெய்ரோ தச்சர்கள் இதற்குக் கண்ட வழி: பரப்பை நட்சத்திரங்களாகவும் பலகோணங்களாகவும் உடைத்து, ஒவ்வொன்றையும் தனித் துண்டாகச் செதுக்கி, அவற்றுக்கு இடையே ஒல்லியான பட்டைகளை ஓட விடுவது. பட்டையின் இரண்டு விளிம்பிலும் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியிருப்பார்கள். துண்டின் விளிம்பை நாக்குப் போல மெலிதாக்கி அந்தக் காடிக்குள் விடுவார்கள். நாக்கு காடியின் அடிவரை போகாது. சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மரம் விரிந்தால் அந்த இடைவெளிக்குள் போகும், சுருங்கினால் வெளியே வரும்; கோலம் கலையாது. நடு நட்சத்திரத்தில் தொடங்கி வளையம் வளையமாக வெளியே வந்து, கடைசியில் கழுந்தும் துளையுமாகச் சுற்றுச் சட்டத்தை இறுக்கினால் வேலை முடிந்தது. கோந்தோ ஆணியோ நட்சத்திரப் பரப்புக்குள் தேவைப்படாது. துண்டின் முகத்தில் கொடிப் பின்னல் செதுக்கல். விளிம்பில் தந்தம், கருங்காலிக் கீற்றுகள். சிலவற்றில் நடுவே முழுத் தந்தத் தகடு.

எல்லா மிம்பரும் இந்த இலக்கணப்படி இருப்பதில்லை. சிலவற்றில் பின்பலகை வைத்து அதன்மேல் துண்டுகளை அடித்திருப்பார்கள். எதிரே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முக்கோணப் பக்கத்தின் உட்கூட்டுக்குள் நுழைய வழி இருந்தால் பின்புறத்தைப் பார்க்கலாம். விளக்கடித்தால் உளித் தடமும் பழைய ஆணி முனைகளும் பின்பலகையும் தெரியும். ஒரு மிம்பரைப் பற்றிய உண்மையில் பாதி அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. முன்புறத்தை மட்டும் அழகாகப் படம் பிடித்துவிட்டுப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

காடிக்குள் தளர்வாக உட்காரும் இந்த முறைதான் மிம்பரை 500, 600 ஆண்டுகள் நிற்க வைத்தது. திருடனுக்கு வசதி செய்து கொடுப்பதும் இதே தளர்வுதான். மரம் மேலும் காய்ந்து, பட்டை லேசாக வளைந்து, காடி அகன்றபின் துண்டு ஆட ஆரம்பிக்கும். எப்போதோ விழுந்த துண்டை யாராவது இரண்டு சின்ன ஆணி அடித்துத் திரும்ப ஒட்ட வைத்திருப்பார்கள். நெம்புகோல் வைக்க அந்த இடமே தோது.

பழைய கொள்ளை

துண்டுகளுக்குச் சந்தை உண்டானது 19-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னும் கெய்ரோவில் ஒரு கட்டிடத்தின் பொருள் இன்னொன்றுக்குப் போனதுண்டு. சுல்தான் ஹசன் பள்ளிவாசலின் மாபெரும் வெண்கலக் கதவை 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சுல்தான் முஅய்யத் ஷைக் தன் பள்ளிவாசலுக்கு எடுத்துக்கொண்டார், அதற்கு விலையும் கொடுத்தார். கதவு கதவாகவே இருந்தது, இன்றும் அங்கே இருக்கிறது. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் வந்தபின் நடந்தது வேறு: பொருள் உடைந்து, உடைந்த துண்டே தனிப் பொருளாகிச் சுவரில் தொங்கியது.

இப்னு துலூன் பள்ளிவாசலின் மிம்பர் இதற்குச் சாட்சி. சுல்தான் அல்-அஷ்ரஃப் கலீலின் கொலையில் தொடர்புடைய அமீர் லாஜீன், பாழடைந்து கிடந்த அந்தப் பள்ளிவாசலில் ஒளிந்திருந்தார். தப்பினால் இதைச் சீரமைப்பேன் என்று நேர்ந்துகொண்டதாக வரலாறு. 1296-ல் சுல்தான் ஆனதும் சொன்னதைச் செய்தார். மிம்பரும் அப்போது வைத்ததே. 19-ஆம் நூற்றாண்டில் அதன் செதுக்குத் துண்டுகள் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போயின. கணிசமான பங்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிவாசலில் இன்று நிற்கும் மிம்பரில் பிற்காலத்தில் செய்து நிரப்பிய துண்டுகள் நிறைய.

அதே அருங்காட்சியகத்தில் சுல்தான் கைத்பேயின் (1468–1496) பெயர் பொறித்த முழு மிம்பர் ஒன்றும் நிற்கிறது. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1869-ல் அருங்காட்சியகம் வாங்கியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு 1891-ல் உயில் கொடையாக வந்த ஒரு ஜோடி மிம்பர்க் கதவுகள், அமீர் கவ்ஸூனின் பள்ளிவாசலைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. அந்தப் பள்ளிவாசலின் பெரும்பகுதி 1870-களில் முகமது அலி தெரு வெட்டப்பட்டபோது போய்விட்டது. சாலைக்காக இடிந்தது பாதி, சந்தைக்காகக் கழன்றது பாதி என்று இந்தக் காலத்தைச் சுருக்கலாம்.

1881-ல் அமைந்த அரபுக் கலைச் சின்னங்கள் பாதுகாப்புக் குழு (கெய்ரோக்காரர்கள் 'காமித்தே' என்றே சொல்வார்கள்) இந்தப் போக்கைத் தடுக்கப் பார்த்தது. நிறையப் பழுதுபார்த்தது, ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டது. அந்த அறிக்கைகளும், ஆங்கிலேய ஆய்வாளர் கே. ஏ. சி. கிரெஸ்வெல் (1879–1974) எடுத்த ஆயிரக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்களும்தான் இன்று ஒரு மிம்பரில் எந்தத் துண்டு எப்போது இருந்தது என்று சொல்லக்கூடிய முதன்மைச் சான்று. அப்துல் பருக்கும் இந்தப் படங்களோடு பழக்கம் உண்டு என்பது கவனிக்க வேண்டியது: விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிரெஸ்வெல் படத் தொகுப்பில் அவர் வேலை பார்த்தவர். பழைய படத்தில் நிறைந்திருக்கும் இடம் இன்றைய மிம்பரில் ஓட்டையாக இருப்பதைக் காண்பது அந்த வேலையின் அன்றாடம்.

2011-க்குப் பிறகு

திருட்டு 2011-க்கு முன்பே ஆரம்பித்தது. ஜனவரி எழுச்சிக்குப் பின் காவல் தளர்ந்ததும் வேகம் பிடித்தது. 1340-ல் முடிந்த அல்-மாரிதானி பள்ளிவாசலின் மிம்பரும் துண்டுகளை இழந்தவற்றில் ஒன்று. இந்த நிலைக்கு அரசியல் குழப்பத்தை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மைதான். அடியில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருக்கிறது: பழம்பெரும் பள்ளிவாசல்கள் வக்ஃபு அமைச்சகத்தின் சொத்து, அவற்றைத் தொல்பொருளாகப் பராமரிக்கும் பொறுப்பு தொல்பொருள் துறையிடம். இமாமும் துப்புரவுப் பணியாளரும் ஒரு அமைச்சகத்தின் ஆட்கள், ஆய்வாளர் இன்னொன்றின் ஆள். ஒரு துண்டு காணாமல் போனால் முதலில் பார்க்கிறவர் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதே தெளிவில்லை. தினமும் பார்க்கிறவருக்கு அது இருந்த நினைவு இருக்கும், எழுத்தில் எதுவும் இருக்காது. எழுதி வைக்க வேண்டியவர் மாதக்கணக்கில் வராமல் இருப்பார்.

எகிப்தியப் பாரம்பரிய மீட்பு அறக்கட்டளை 2013-ல் உருவானது. 2014 ஜனவரி 24 அன்று கெய்ரோ காவல் தலைமையகத்துக்கு வெளியே வெடித்த கார் குண்டு, எதிரே இருந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைச் சிதைத்தபோது சிதறியவற்றைப் பொறுக்கிக் காப்பாற்றுவதில் அதன் குழுவும் இறங்கியது. மிம்பர்ப் பணி இந்த அறக்கட்டளை வழியாக, பிரிட்டிஷ் கவுன்சிலின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதியில் நடந்தது. நகரத்தில் எஞ்சிய மம்லூக் மிம்பர்களை ஒவ்வொன்றாக ஆவணப்படுத்துவது, ஆபத்தில் இருப்பவற்றுக்கு அவசரப் பராமரிப்பு, மரத் தச்சர்களையும் வடிவமைப்பாளர்களையும் இந்தக் கோலங்களுக்குத் திரும்பக் கொண்டுவருவது என்று பணி பிரிந்தது. மூன்றில் முதலாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் அதன்மேல் நிற்பவை.

ஒரு துண்டை அடையாளப்படுத்துவது

திருட்டுப் பொருளைத் திரும்பக் கேட்கும்போது எதிராளி எழுப்பும் முதல் கேள்வி: இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? மம்லூக் மிம்பரில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையானது. ஒரே வடிவத் துண்டு ஒரே பக்கத்தில் பல முறை வரும். மறுபக்கத்தில் அதே எண்ணிக்கையில் மறுபடி வரும். வேறு பள்ளிவாசலில் அதே பட்டறை செய்த மிம்பரிலும் வரலாம். 'பலகோணத் துண்டு, தந்தம் இழைத்தது, கெய்ரோ, 15-ஆம் நூற்றாண்டு' என்ற விவரம் நூற்றுக்கணக்கான துண்டுகளுக்குப் பொருந்தும். அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் எதையும் மீட்க முடியாது.

எனவே முதல் வேலை முகவரி கொடுப்பது. முன் கதவை நோக்கி நின்று வலப்பக்கம், இடப்பக்கம் என்று தீர்மானித்து அதை மாற்றவே கூடாது. பிறகு முன் கதவு, கைப்பிடிச் சுவர், முக்கோணம், இருக்கைக்குக் கீழுள்ள சின்னக் கதவுகள், இருக்கையின் பின்பலகை, மேற்கூண்டு என்று பகுதி பிரித்து, வரிசைக்கும் துண்டுக்கும் எண் தர வேண்டும். 'வலம், முக்கோணம், 3-12' என்றால் உலகத்தில் ஒரே இடம்தான். எண்ணை அச்சிட்ட படத்தின் மேல் எழுத வேண்டும். மரத்தின் மேல் பென்சிலால்கூட எழுதக்கூடாது. தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் பதிவெடுக்கும் பழைய பழக்கமும் இங்கே ஆகாது. தந்தத்தின் நுண்விரிசலில் கரி இறங்கினால் வெளியே வராது.

படம் இரண்டு விதம் வேண்டும். நேரொளிப் படம் நிறத்துக்கும் வடிவத்துக்கும். பக்கவாட்டில் 10, 15 பாகைத் தாழ்வில் விளக்கு வைத்து எடுக்கும் படம் உளித் தடம், வீங்கிய தந்த இழைப்பு, பழைய ஆணித் துளை, பிற்காலப் பூச்சு ஆகியவற்றுக்கு. இரண்டாவது படத்தில்தான் துண்டின் 'கைரேகை' தெரிகிறது; முதலாவது மட்டும் எடுத்துவிட்டுப் போன திட்டங்கள் நிறைய. மரத்தில் வார்னிஷ் பூசியிருந்தால் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளக்குக்கும் வில்லைக்கும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒளிமுனைவு வடிகட்டி போட்டால்தான் அது அடங்கும். அளவுகோலும் நிற அட்டையும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். மிம்பர் முழுவதையும் முப்பரிமாண மாதிரியாக்க நினைத்தால் அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இது சொதப்பும் இடம் எப்போதும் ஒன்றே: மேற்கூண்டின் உள்பக்கமும் படிகளின் உள்விளிம்பும். இடம் குறுகல், வெளிச்சம் குறைவு, அவசரத்தில் படிவு குறைந்துவிடும். கணினி அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரியைத் தரும். அதே நாளில் சரிபார்க்காவிட்டால் அடுத்த முறை ஏணி கட்ட அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. மிம்பரில் பொருந்தி நிற்கும் துண்டை அளந்தால் வெளியே தெரியும் முகத்தின் அளவுதான் கிடைக்கும். காடிக்குள் மறைந்த நாக்கு அதில் சேராது. திருடிக் கழற்றிய துண்டு ஒவ்வொரு பக்கத்திலும் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். ஆவணத்தில் 'காணும் முகத்தின் அளவு' என்று எழுதாமல் வெறும் அளவாக எழுதியிருந்தால், ஏலக்கூடப் பட்டியலின் அளவோடு ஒப்பிடுகிறவர் 'இது வேறு துண்டு' என்று ஒதுக்கிவிடுவார். ஏற்கெனவே கழன்று கிடக்கும் துண்டு ஏதாவது இருந்தால் அதன் நாக்கையும் அளந்து, அந்த மிம்பரின் நாக்கு நீளம் இவ்வளவு என்று தனியாகக் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

அளவுக்கு அடுத்தது குறைகள். நார் எந்தக் கோணத்தில் ஓடுகிறது, எந்தத் தந்தக் கீற்றின் நுனி உடைந்திருக்கிறது, விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, செல்லரித்த துளைகள் எங்கே. அழகான இடங்களைக் குறிப்பதால் பயனில்லை, அவை எல்லாத் துண்டிலும் ஒன்றுபோல் இருக்கும். பழுது மட்டுமே ஒவ்வொரு துண்டுக்கும் தனி. 1997-ல் அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் உருவாக்கித் தந்த 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற பொது வடிவம் (படம், வகை, அளவு, பொருள், எழுத்து, தனிக்குறி, காலம் என்று வரிசையாகக் கேட்பது) இதற்குப் பயன்படுகிறது. இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளமும் இதே விவரங்களைத்தான் எதிர்பார்க்கிறது. அந்தத் தரவுத்தளத்தில் ஆய்வாளர் நேரடியாக எதையும் பதிய முடியாது. நாட்டின் காவல்துறை மையம் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பது நாள்களையும் வாரங்களையும் மிச்சப்படுத்தும்.

திருட்டு நடந்தபின் செய்ய வேண்டியவற்றில் ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள்: ஓட்டையைச் சுத்தம் செய்யக் கூடாது. நெம்பி எடுக்கும்போது நாக்கு முறிந்து அதன் சிம்பு காடிக்குள் தங்கிவிடும். மீட்ட துண்டின் முறிவும் அந்தச் சிம்பும் பொருந்தினால் அதைவிட வலுவான சான்று கிடையாது. ஓட்டையைப் படம் எடுத்து, சிம்பைக் காகித உறையில் போட்டு முகவரி எழுதி ஒட்ட வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு அடைத்துவிட்டால், சான்று அவரது உளியோடு போய்விடும்.

நல்லெண்ணத்தால் வரும் சேதம்

திருட்டைப் பற்றிச் செய்தி வரும். மெல்லக் கெடுவதைப் பற்றி வராது. பள்ளிவாசல் ஆட்கள் மிம்பரை மதித்துச் செய்யும் காரியங்களே அதற்கு மோசமானவை. ஆடும் துண்டுகளைக் கோந்து போட்டு இறுக்குவது முதல் குற்றவாளி. அசைய இடம் இல்லாத மரம், கோந்து விடுவதற்குப் பதிலாகத் தானே நடுவில் பிளக்கும். அடுத்து, ரமலானுக்கு முன் அடிக்கும் வார்னிஷ். தூசியையும் சேர்த்து மூடி, ஆண்டாண்டாகக் கறுத்து, தந்தமும் கருங்காலியும் ஒரே பழுப்பாகிவிடும். அதை எடுக்கக் கரைப்பான் வேண்டும். கரைப்பான் பழைய வண்ணத்தையும் பொன் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும் அபாயம் உண்டு. எனவே ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தில் சோதித்தபின் மட்டுமே அடுத்த அடி. தந்தத்தை ஈரத் துணியால் துடைப்பதும் கூடாது. நீரை வேகமாக உறிஞ்சி வளைந்து, இழைப்பிலிருந்து எழும்பிவிடும்.

கீழிருந்து வருவது ஈரம். கெய்ரோவின் பழைய நகரில் நிலத்தடி நீரும் கசியும் குழாய்களும் அடித்தளங்களில் ஏறி, கல் வழியாக உப்பைக் கொண்டுவருகின்றன. மிம்பரின் அடிச்சட்டம் அதைக் குடித்து இற்றுப்போனால் மேலே உள்ள முக்கோணம் ஒரு விரல்கடை இறங்கும். அந்த ஒரு விரல்கடையில் பட்டைகள் கோணலாகி, காடிகள் திறந்து, துண்டுகள் தாமாகவே கழலும். திருட்டைப் பற்றிப் பேசும்போது வடிகாலைப் பற்றியும் பேச வேண்டியது இதனால்தான். ஒலிபெருக்கிக் கம்பியை மேற்கூண்டின் தூணில் ஆணி அடித்துக் கொண்டுபோவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். மின்கசிவுத் தீக்கு வேறு வழி எதுவும் தேவையில்லை.

தீ என்றதும் ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசல் நினைவுக்கு வராமல் இருக்காது. 1168-69-ல் சிரியாவை ஆண்ட நூருத்தீன் அலெப்போவில் செய்வித்து, 1187-ல் ஜெருசலேமைப் பிடித்தபின் சுல்தான் ஸலாஹுத்தீன் (சலாதீன்) அங்கே கொண்டுபோய் வைத்த மிம்பர், 1969 ஆகஸ்ட் 21 அன்று வைத்த தீயில் எரிந்தது. கோலத்தை மறுபடி வரையத் துண்டுவாரியான அளவு வரைபடம் இருக்கவில்லை. பழைய படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்து, வடிவியலைத் தலைகீழாகக் கண்டுபிடித்து, ஜோர்டானில் தச்சர்களைக் கூட்டி, ஆணியும் கோந்தும் இல்லாமல் புதிதாகச் செய்து வைத்தது 2007-ல். 38 ஆண்டு இடைவெளியில் அரசியல் காரணங்கள் உண்டு. வரைபடம் இல்லாததும் அதில் ஒரு காரணம்.

கழற்றிக் கிடங்கில் வைக்கலாமா

2018-ல் தொல்பொருள் அமைச்சகம், பழைய கெய்ரோப் பள்ளிவாசல்களின் மிம்பர்கள் பலவற்றைக் கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. திருடு போவதைவிடப் பூட்டிய அறை மேல் என்பது வாதம். கேட்கச் சரியாக இருக்கும் இந்த வாதத்துக்கு ஆய்வாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் அதிகம்.

கழற்றுவதே ஆபத்து என்பது முதல் காரணம். நூற்றாண்டுகளாகக் காடியில் உட்கார்ந்து உலர்ந்த நாக்கைப் பிரிக்கும்போது ஒரு பங்கு முறியத்தான் செய்யும். பின்னே நாலு முறை பழுதுபார்த்து ஆணி அடித்த மிம்பரில் அந்தப் பங்கு கூடும். இரண்டாவது, காற்றின் ஈரம். முற்றம் திறந்த பள்ளிவாசலின் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய மரத்தைத் திடீரென்று குளிரூட்டிய வறண்ட அறைக்குக் கொண்டுபோனால் தந்தம் பிளக்கும், இழைப்பு எழும்பும். மூன்றாவது, துண்டுவாரியான ஆவணம் இல்லாமல் கழற்றிய மிம்பர் கிடங்கில் மரத்துண்டுக் குவியலாகிவிடும். அங்கே ஒன்று குறைந்தால் பள்ளிவாசலில் குறைந்ததைவிடக் கண்டுபிடிப்பது கடினம். நாலாவதை அளவிட முடியாது, ஆனால் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வெள்ளிதோறும் கதீப் ஏறும் மிம்பரைச் சுற்றி நூறு கண்கள் இருக்கும். அதை எடுத்துவிட்டு இரும்பு மேடை வைத்தால், அந்தக் கண்களுக்கு அந்தக் கட்டிடத்தில் காவல் காக்க ஒன்றும் இல்லை.

இடம் மாறிய மிம்பருக்கு எதிர்காலமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அல்-கம்ரி பள்ளிவாசலுக்காக 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் தச்சர் அஹ்மத் இப்னு ஈஸா அத்-திம்யாத்தி செய்த மிம்பர், நேர்கோட்டை விட்டு வளைகோடுகளில் நட்சத்திரம் பின்னிய அபூர்வ வேலை. இன்று அது வடக்குக் கல்லறைப் பகுதியில் சுல்தான் பர்ஸ்பேயின் வளாகத்தில் நிற்கிறது. ஆனால் அது முழுசாக நகர்ந்தது, முழுசாக நிறுத்தப்பட்டது, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது.

சந்தைப் பக்கம் நிலைமை முன்பைவிடக் கொஞ்சம் தேவலை. எகிப்தின் 1983-ஆம் ஆண்டு 117-ஆம் எண் சட்டம் தொல்பொருள் வியாபாரத்தையே ஒழித்தது. அதற்குப் பின் வெளியேறிய எதற்கும் சட்டப்படியான பிறப்புக் கதை இருக்க முடியாது. எனவே விற்பவர்கள் 'பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு' என்று எழுதுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பெயரும் ஆண்டும் ரசீதும் இணைந்திருக்கிறதா என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. தந்தம் இன்னொரு தடை: யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1989 முதல் தடைப்பட்டது, பிரிட்டன் 2018-ல் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. இதைத் தாண்ட, திருட்டுத் துண்டின் தந்தக் கீற்றைப் பிடுங்கிவிட்டு எலும்பைப் பதித்து விற்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் எலும்பில் கரும்புள்ளிக் குழல்கள் தெரியும், யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். ஆவணத்தில் பொருள் பற்றிய குறிப்பு சரியாக இருந்தால் இந்த மாற்றமே திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சுவது ஓட்டை. அதை அப்படியே விட்டால் பக்கத்துப் பட்டைகள் பிடிப்பிழந்து அடுத்த துண்டும் விழும். எனவே நிரப்பத்தான் வேண்டும். நிரப்பும் துண்டு அதே வகை மரத்தில், பக்கத்துத் துண்டின் நார்த் திசையை ஒட்டி இருக்க வேண்டும். செதுக்கல் இல்லாமல் வெறுமனே விடலாம், எளிமையாகவும் செதுக்கலாம்; தந்தத்துக்கு மட்டும் மாற்றுப் பொருள். பின்புறம் செய்த ஆண்டைச் சுட்டுப் பொறிக்க வேண்டும், இல்லாவிட்டால் 50 ஆண்டு கழித்து வருகிறவர் இதையும் மம்லூக் என்று எழுதிவிடுவார். மூலத் துண்டு என்றாவது திரும்பி வந்தால் இதை எடுத்துவிட்டு அதை வைக்க வழி வேண்டும் என்பதால் கோந்து கூடாது. சுற்றுச் சட்டத்தைக் கழற்றாமல் நடுத் துண்டை உள்ளே விட முடியாது. அதற்குத் தச்சர்கள் ஒரு பக்க நாக்கை மட்டும் குட்டையாக்கி, எதிர்ப்பக்கக் காடிக்குள் ஆழமாகத் தள்ளி, பிறகு இந்தப் பக்கம் இழுத்து அமர்த்துவார்கள். எந்தப் பக்க நாக்கைக் குறைத்தார்கள் என்பதும் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்து அதைக் கழற்றப்போகும் தச்சர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.